உ.து. என்றால் உ.து.தான்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எதற்கும் முழுப்பெயர் கிடையாது. மருந்து கொடுக்கிறவர் ஈ.எம்.ஏ. ஐயா. கணக்கப்பிள்ளை கே.பி. வயது போனபின் கைக்கு வருகிற காசு ஈ.பி.எஃப். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் என்ன சொல் இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்காமலே காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது, அன்றன்றைய வேலைக்குப் பேர் போட்டார்கள், காசும் வந்தது.

புத்தகங்களும் அப்படித்தான். வாரத்துக்கும் மாதத்துக்கும் வருகிற சஞ்சிகைகளை நாங்கள் புத்தகம் என்றுதான் சொல்லுவோம். வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து சில புத்தகங்களை எடுத்தோம். தெரணியகலை டவுனில் ஒரு கடையில் அவை வரும். தோட்டத்துத் தபால்காரர் தபால் பையோடு அவற்றையும் வாங்கிக்கொண்டு மலையேறி வருவார். க.கூ. வந்தது, மா.மு. வந்தது, வா.சி. வந்தது, உ.து. வந்தது. இவற்றின் முழுப்பெயர் தெரியுமா என்று யாராவது அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லவும் எனக்குக் கூச்சம்.

ஏன் தெரியாது என்றால், அதற்கு எங்கள் லயத்து வழக்கம்தான் காரணம். லயத்தின் மேல் முனையில், எங்களை வேலை வாங்குகிற கங்காணி வீடு. கீழ் முனையில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற பாதையோரம், எங்கள் ஒற்றை அறைக் காம்பரா. புத்தகம் முதலில் கங்காணி வீட்டுக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு வாசலாக இறங்கி, கடைசியாக எங்களிடம் வரும். எந்த வீடும் படித்துவிட்டுச் சும்மா கொடுக்காது. தனக்கு உரியதை எடுத்துக்கொண்டுதான் கொடுக்கும். அதற்கு வீட்டுப் பங்கு என்று பெயர். அதை யாரும் களவு என்று நினைத்ததில்லை, சண்டையும் வந்ததில்லை. கங்காணி வீட்டுக்கு அட்டை. அடுத்த வீட்டுக்குக் கோலம் போட்ட பக்கம். அதற்கடுத்த வீட்டில் ஒரு மதினி தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, கோணி ஊசியால் தைத்து வைப்பாள். சமையல் குறிப்பு ஒரு வீட்டுக்கு, சாமி படம் ஒரு வீட்டுக்கு. எங்களிடம் வரும்போது புத்தகம் பாதி உடம்பாக இருக்கும். மிச்சம் அத்தனையும் எங்களுக்குச் சொந்தம். கடைசி வீட்டின் பங்கு அது.

அட்டையைப் பிரிக்கிறபோது முதல் தாளும் அதோடு சேர்ந்து வந்துவிடும். புத்தகத்தின் பேரும் ஆசிரியர் பேரும் அதில்தானே இருக்கும். எங்களுக்குக் கிடைத்த நடுப்பக்கங்களில், அடியில் ஓரமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக இரண்டு எழுத்தும் பக்க எண்ணும் மட்டும் இருக்கும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு இது எந்தப் புத்தகத்துப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதில்லை.

என் அக்கா அப்படி விடுகிறவள் அல்ல. முழுப்பெயர் தெரியாவிட்டால் அவளே ஒரு பெயர் வைத்துவிடுவாள். கொழுந்து மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் நிற்கும்போது மா.மு.வுக்கு மாமியார் முணுமுணுப்பு என்பாள். க.கூ.வுக்குக் கஞ்சியும் கூழும். வா.சி.க்கு அவள் வைத்த பெயர் வாயாடி சிறுக்கி. உ.து. மாதம் ஒருமுறை வருகிற மெல்லிய புத்தகம். அதில் கதை கிடையாது, கோலம் கிடையாது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடக்கிறது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் பால் எப்படிக் கொடுக்கிறார்கள், சம்பளம் என்று அதில் எல்லாம் எங்கள் கதையாகவே இருக்கும். அக்கா அதற்கு உரலும் துடைப்பமும் என்று பெயர் வைத்தாள். நிரை முழுக்கச் சிரிக்கும். நான் மட்டும் தலையில் போட்ட கொங்காணிக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு சிரிப்பேன். ஆம்பிளைகளும் விடமாட்டார்கள். பெண்கள் மா.மு. வந்ததா என்று தபால்காரரைக் கேட்டால், உங்க மாமு இன்னைக்கு பஸ்ஸ விட்டுட்டாராம் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று சொல்லுவார்கள்.

ஒருநாள் அந்த உ.து.விலிருந்து இரண்டு பேர் எங்கள் மலைக்கு வந்தார்கள். கேமராவோடு ஓர் ஆள், நூல் சேலை கட்டிய ஒரு அம்மா. தோட்டத்துச் சின்னத்துரையிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். மழைவிட்ட நேரம். அக்காவின் சட்டை முந்தின நாள் நனைந்து காயாமல் கிடந்ததால் அன்றைக்கு என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கேமராவைக் கண்டதும் நான் செடிக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். அவள் நிமிர்ந்து நின்றாள். அந்த அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். போட்டோவும் பிடித்தார்கள்.

பிறகு ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருக்கும். பீலியில் தண்ணீர் பிடிக்கிறபோது கங்காணியின் மருமகள் அக்காவைப் பார்த்து, உன் படம் உ.து.வில் வந்திருக்கிறது என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். குடம் நிறைந்ததும் போய்விட்டார். நாங்கள் போய்ப் புத்தகத்தைக் கேட்கவில்லை. முறை தாண்டிக் கேட்கிற பழக்கம் எங்கள் லயத்தில் இல்லை. அது ஒவ்வொரு வீடாக இறங்கி வருகிறவரை காத்திருந்தோம். அக்கா தினமும், என் மூஞ்சி இன்னைக்கு எந்த வாசல்ல குந்தியிருக்குதோ என்பாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினோம். கூடைகள் வரிசையாக இருக்கிற ஒரு படம் இருந்தது. தராசு படம் ஒன்று. இன்னொன்றில் ஒரு கை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலுக்கு நடுவில் இருந்தன. முகம் எங்கும் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தோம். அக்கா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, மூஞ்சியவிட கைதான் அழகா இருக்குன்னு போட்டுட்டாங்க புள்ள என்று சிரித்தாள். நானும் அப்படித்தான் என்று நம்பினேன். அந்தப் பக்கத்தை எடுத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தேன்.

அடுத்த வருஷம் அக்காவுக்கு மகள் பிறந்தாள். பிள்ளை தவழுவதற்குள் அக்கா கண்ணை மூடிவிட்டாள். பிள்ளையின் தகப்பன் தன் ஆட்களோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனார். கடிதம் வந்தது, பிறகு நின்றது. பிள்ளை எங்களிடமே வளர்ந்தாள். அக்காவுக்கு ஒரு போட்டோ கிடையாது. இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. அடையாள அட்டை இருந்தாலாவது அதில் ஒரு முகம் இருக்கும். அப்போது எங்களுக்கு அட்டை கிடையாது. இந்த நாடு எங்களைத் தன் ஆள் என்று சொல்லவில்லை, அந்த நாடும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற வசதியும் இல்லை. இருந்தது அந்தக் கை ஒன்றுதான். அதையும் ஒரு பெருமழையில் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் போய்க் கூழாக்கிவிட்டது.

அக்கா மகளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அவள் வீட்டுக்காரர் திரீவீலர் ஓட்டுகிறார். இந்த வருஷம் அவர்களுக்குத் தோட்டத்துப் புது வீடு கிடைத்தது. ஏழு பேர்ச் காணியில் சின்ன வீடு. சீமெந்து வாசம் இன்னும் போகவில்லை. குடி போவதற்கு முன் சாமான் வைக்க நானும் போயிருந்தேன். முன் அறைச் சுவரில் அவள் மாமனார் படமும் மாமியார் படமும் மாலையோடு மாட்டியிருந்தன. பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று நின்றது.

இது என்னத்துக்கு என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு" என்றாள். "மாமனாருக்கு மாலை போட்டாச்சு, மாமியாருக்குப் போட்டாச்சு. எங்கம்மாவுக்கு ஆணியாவது அடிச்சு வைப்போம்னு அடிச்சேன். சின்னம்மா, அம்மா கை ஒரு புஸ்தகத்துல வந்துச்சுன்னு சொல்லுவீங்களே. அது எந்தப் புஸ்தகம்? கையா இருந்தாலும் பரவாயில்ல, மாட்டிக்கிறேன்."

"உ.து." என்றேன்.

"உ.து.ன்னா?"

"உ.து.ன்னா உ.து.தான்."

அவள் வீட்டுக்காரர் ஏணியில் நின்று பல்ப் மாட்டிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு துவையலா இருக்குமோ அத்தை என்றார். அவருக்கு எப்போதும் விளையாட்டு. இவளுடைய காது இரண்டும் கொஞ்சம் வெளியே தள்ளினாற்போல இருக்கும். அதைக் கூடைப்பிடி என்று சொல்லிச் சிரிப்பார். அவள் சின்ன வயதிலிருந்தே காதின்மேல் முடியை இழுத்து விட்டுத்தான் தலை சீவுவாள். உங்க அம்மா காதும் இப்படித்தான் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். என்னைத் தேற்றுவதற்குச் சொல்லுறீங்க என்பாள். நம்பமாட்டாள்.

அந்த ஆணியைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. அவளும் விடவில்லை. பழைய புத்தகமெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற இடம் கொழும்பில் இருக்கிறது என்று யாரிடமோ நம்பர் வாங்கி, கடை விட்டு வந்து போனில் பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை. மரியாதையாகத்தான் பேசியது. இரண்டு எழுத்தை வைத்துத் தேட முடியாது அக்கா, முழுப்பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எந்த வருஷம் என்றாவது சொல்லுங்கள் என்றது. எந்த வருஷம் என்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துப் பெரிய பலாமரம் விழுந்த வருஷம் என்று எனக்குத் தெரியும். அதைக் கொழும்புக்குச் சொல்ல முடியுமா.

பிறகு நான் என்னோடு கொழுந்து எடுத்தவர்களில் இருக்கிறவர்களைப் போய்க் கேட்டேன். அது எனக்குப் பெரிய வேலை. ஒரு வீட்டுக்குப் போய் ஒரு காரியம் கேட்பது என்றால் வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒருத்தி உத்தமி துணை என்றாள். இன்னொருத்தி உறவுத் துணை என்று சத்தியம் செய்தாள். மூன்றாமவள் நன்றாக யோசித்துவிட்டு, உரலும் துடைப்பமும்தானே என்றாள். எனக்கு அக்கா நினைவு வந்தது. அவள் வைத்த பெயர் இத்தனை காலம் ஒருத்தி வாயில் இருந்திருக்கிறது. அக்கா மகள் எல்லாவற்றையும் கொழும்புக்குச் சொல்லிப் பார்த்தாள், அந்தக் கடைசிப் பெயரைத் தவிர. அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள்.

அட்டை எடுத்த வீட்டுக்குத்தான் பெயர் தெரியும். அது எனக்கு முதலிலேயே தெரியும். அங்கே போகத்தான் கால் வரவில்லை. கங்காணியும் அவர் மகனும் போய்ச் சேர்ந்து வெகு காலம். அந்த மருமகள் இருக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கங்காணி வீட்டு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எனக்கு ஒரு கெடுதலும் செய்தவரில்லை. ஆனாலும் அவர்கள் வீட்டு இஸ்தோப்பைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை. நாங்களாகவே போவதில்லை.

முதல் நாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு போனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினோம். கீரையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கேட்டீங்களா சின்னம்மா என்றாள் அக்கா மகள். கேட்கவில்லை என்றேன்.  மறுபடி ஒருநாள் ஈரப்பலாக்காய் ஒன்றோடு போனேன். அன்றைக்கு அவருக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்கு லீவு போட்டுவிட்டு அக்கா மகளே என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

கங்காணி வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் இன்னைக்கு என்ன கீரை என்று கேட்டார். வெறுங்கையோடு வந்திருக்கிறோம் என்று அக்கா மகள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேச வேண்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, உ.து. உ.து.ன்னு ஒரு புஸ்தகம் வருமே. அதோட முழுப்பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். உழைப்பு என்று ஏதோ வரும், மிச்சம் ஞாபகமில்லை என்றார். எதற்கு என்று கேட்டார். இவள் அம்மா கை அதில் வந்தது, அந்தப் பக்கத்தைத் தேடுகிறோம் என்றேன்.

"கையா?" என்றார். "மூஞ்சிதானே வந்துச்சு."

 இல்லீங்க, கைதான், நாங்கள் புத்தகம் முழுக்கத் திருப்பிப் பார்த்தோம் என்றேன்.

"அட்டைல வந்துச்சு புள்ள. அட்டை முழுக்க உங்க அக்காதான். நான்தானே பீலியில வச்சு சொன்னேன்."

"அட்டை எங்க வீட்டுக்கு வராதுங்களே" என்றேன்.

 முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன் என்று மெதுவாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. அட்டையோடு புத்தகம் பார்க்கிறவருக்கு, அட்டையில்லாத புத்தகம் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும். எனக்கும் அட்டை என்று ஒன்று இருப்பது நினைப்பில் வரவில்லை. அந்தப் புத்தகத்துக்கு முகம் உண்டு என்றே நான் நினைத்ததில்லை.

அக்கா மகள்தான் முதலில் கேட்டாள். "அந்த அட்டைய என்னாங்க செஞ்சீங்க?"

"சுவத்துலதான் இருக்கும்" என்றார். "உள்ள வாங்க."

நான் அந்த வீட்டுக்குள் அன்றைக்குத்தான் போனேன். அவருடைய மாமனார் கங்காணிக்கு வெறும் சுவரைப் பார்த்தால் சோறு இறங்காதாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் வெளியே சுண்ணாம்பு, உள்ளே காகிதம். மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சி, அந்த வருஷத்து அட்டைகளையெல்லாம் வரிசையாக ஒட்டுவார்களாம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம். பழசைக் கிழிக்கமாட்டார்கள். அதன் மேலேயே புதுசு. பிற்பாடு இவருடைய மகன் அதன் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டான். சுவர் கையால் தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரிச் சத்தம் போட்டது.

உங்கள் அக்கா படம் எங்கே ஒட்டியது என்று எனக்குத் தெரியும், மாமா சாமி படம் வைக்கிற சாமித் தட்டுக்கு நேர் மேலே ஒட்டினார், அப்புறம் தட்டை உயர்த்தியதால் அதன் முதுகுப் பலகைக்குப் பின்னால் போய்விட்டது என்றார் அவர். சாமித் தட்டைக் கழற்ற அவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. விளக்கை ஏற்றி, கும்பிட்டு, படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். அக்கா மகள் தட்டை இறக்கினாள். தட்டு இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் படவில்லை.

சுடுதண்ணீரில் துணியை நனைத்துச் சுவரில் வைத்து ஊறவிட்டோம். பிறகு தோசைக் கரண்டியால் நான் மெல்ல நெம்பினேன். எனக்குக் கை பழகியது. அவசரப்பட்டால் கிழியும் என்று கைக்குத் தெரியும். முதலில் வந்தது ஒரு கலண்டர் தாள். அதன் கீழே ஒரு நடிகை. அதன் கீழே இன்னொரு நடிகை, அவளுக்குத் தலையில் ஒரு கூடைப் பூ. பிறகு அட்டைகளாக வரத் தொடங்கின. ஒவ்வொன்றின் உச்சியிலும் பெரிய எழுத்தில் முழுப்பெயர். கதைக் கூடை. நான் வாய்விட்டு வாசித்தேன். க.கூ. அதுதான். அடுத்தது மாதர் முற்றம். அதற்குக் கீழே வாரச் சிமிழ். இத்தனை வருஷம் கூப்பிட்டுப் பழகிய ஆளின் வீட்டுப் பெயரை இப்போதுதான் கேட்கிற மாதிரி இருந்தது. மாமியார் முணுமுணுப்பு என்று ஒரு பேர் இருந்ததே என்று கங்காணி வீட்டு அக்கா சொன்னார். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. யார் வைத்த பேர் தெரியுமா என்று நான் கேட்டேன். தெரியாதா, உங்க அக்கா சத்தம் இந்த வாசல் வரைக்கும் கேக்குமே என்றார்.

அப்புறம் பச்சை மையில் அச்சடித்த ஓர் அட்டை ஓரம் தெரிந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உழைப்பின் துளி. அதுதான் உ.து. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் துணியால் ஒற்றினேன். மேலே ஒட்டியிருந்த தாள் ஒரு மூலையில் விடமாட்டேன் என்றது. அதை விட்டுவிட்டு மறு பக்கத்திலிருந்து வந்தேன். முதலில் தெரிந்தது ஒரு தோள். சட்டைத் தோளில் கோணலாக ஒரு தையல். அது நான் போட்ட தையல். என் சட்டை. அக்கா மகள் என்னிடமிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை அவள்தான் உரித்தாள்.

முகம் முழுசாக வந்தது. கன்னத்தில் மேல் தாளின் எழுத்துகள் மங்கலாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறிப் படிந்திருந்தன. நாடிக்குக் கீழே ஒரு துண்டு கிழிந்துவிட்டது. கொங்காணி பின்னால் சரிந்து, மழை ஈரத்தில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. சிரிக்கப் போகிறவள் மாதிரி வாயை வைத்திருந்தாள். காது இரண்டும் வெளியே நின்றன.

 அக்கா மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. ஈரக் கையோடு முடியை விலக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் காதைத் தொட்டாள்.

"நீங்க பொய் சொல்லல சின்னம்மா" என்றாள்.

கங்காணி வீட்டு அக்கா சமையல்கட்டுக்குப் போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அவருடைய வீட்டுக் கோப்பையில், உள் அறையில் உட்கார்ந்து குடித்தேன். சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. சுவரிலிருந்து அட்டையைத் தனியாக எடுக்கப் பார்த்தால் பொடியும் போல இருந்தது. பின்னாலிருந்த தாள்களோடு சேர்த்தே எடுங்கள், சுவர் போனால் போகட்டும் என்று அவரே சொன்னார். ஒரு பலகை கனத்துக்கு வந்தது. சுவரில் ஒரு சதுரம் வெள்ளையாக நின்றது. சாமித் தட்டை அவர் அதற்கு மேலேயே திரும்ப மாட்டச் சொன்னார்.

கொழும்புக்கும் அக்கா மகள் முழுப்பெயரைச் சொல்லிப் பேசினாள். அந்தப் பெண் பிள்ளை தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் கொஞ்சம் புத்தகங்கள் இருக்கின்றன, நீங்கள் சொல்லுகிற அட்டை இல்லை என்றதாம். சிரமப்பட்டுத் தேடியதற்கு நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

டவுனில் பிரேம் போடுகிற சிங்கள மாத்தியாவிடம் கொண்டுபோனோம். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்துச் சிரித்தார். மேலே இருக்கிற எழுத்தை வெட்டிவிட்டால் முகம் நடுவில் வரும், அழகாக இருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். அக்கா மகள் என்னைக் கேட்டாள். நான் அந்த எழுத்தை விரலால் தொட்டேன். அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பேரோட இருக்கட்டும், அம்மா வந்த புஸ்தகம் இல்லையா என்றாள். பஸ்ஸில் வரும்போது நான் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, உழைப்பின் துளி, உழைப்பின் துளி என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர்தான். ஆனால் வாய்க்குள் உ.து. என்றுதான் வந்தது. இந்த வயதில் இனி மாறாது.

பால் காய்ச்சின அன்று வீடு நிறைய ஆட்கள். கங்காணி வீட்டு அக்காவும் முழங்கால் வலியோடு வந்து, படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கீழே சிங்கள ஊரிலிருந்து பக்கத்துக் காணிக்காரப் பெண் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். அக்கா மகளுக்கு அவள் இப்போதுதான் பழக்கம். சுவரில் மூன்று படங்களையும் பார்த்தாள். மாமனாரையும் மாமியாரையும் கேட்கவில்லை. மூன்றாவதைக் காட்டி, மே கவுத, இது யார் என்று சிங்களத்தில் கேட்டாள்.

அக்கா மகள் பால் கோப்பைகளோடு வந்துகொண்டிருந்தாள். அன்றைக்குத் தலையை இறுக்கிச் சீவிக் கொண்டை போட்டிருந்தாள். காது இரண்டும் வெளியே தெரிந்தன.

"மகே அம்மா" என்றாள்.